அம்மாவின் டியூஷனுக்கு ஒரு வைஃபை பிரிண்டர்: ஒரு வருடக் கணக்கு

பிரிண்டரின் பட்டனை நேற்று பத்து விநாடி அழுத்திப் பிடித்து, தன் விவரங்களை அதுவே அச்சடித்துத் தரும் நிலைத்தாளை எடுத்தேன். மொத்தப் பக்கம் 1,933. வாங்கிச் சரியாக ஒரு வருடம் ஆகிறது. இதற்கு முன்னால் வாங்கியது எட்டு மாதத்தில் பரணுக்குப் போய்விட்டது. வீட்டு வைஃபையில் ஓட, கையைக் கடிக்காத விலையில் ஒரு பிரிண்டர் தேடுகிறவர்களுக்கு இந்த இரண்டின் கதையும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டு நிலவரம் இது. வில்லிவாக்கத்தில் தரைத்தளமும் மாடியும் உள்ள பழைய வீடு, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள். அம்மா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. மாலையில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 18 பேர் கீழே ஹாலில் உட்கார்ந்து படிக்கிறார்கள். வாரம் ஒரு தேர்வு வைப்பார். வினாத்தாளைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, ஜெராக்ஸ் கடைக்கு நடந்து போய், பக்கத்துக்கு மூன்று ரூபாய் கொடுத்து எடுத்து வருவார். முட்டி வலி வந்த பிறகு அந்த நடை அவருக்குச் சிரமமாகிவிட்டது.

முதல் தடவை நான் பார்த்தது பெட்டியின் விலையை மட்டும்தான். 4,300 ரூபாய்க்கு ஒரு கார்ட்ரிட்ஜ் இன்க்ஜெட், அதாவது மைக் கூட்டை மாற்றி மாற்றிப் போடும் திரவ மை வகை. பிரிண்ட், ஸ்கேன், வைஃபை எல்லாம் இருந்தது. அக்டோபரில் வாங்கினேன். கறுப்பு கார்ட்ரிட்ஜ் 820 ரூபாய், 120 பக்கம் வரும் என்று போட்டிருந்தது. அம்மா எண்ணி வைத்ததில் 92 பக்கம்தான் வந்தது. பக்கத்துக்கு ஒன்பது ரூபாய்! கடையில் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு.

அந்த 120 பொய்க்கணக்கும் இல்லை. பெட்டியில் போடும் பக்க எண்ணிக்கை குறிப்பிட்ட சோதனைத் தாள்களை ஓட்டி எடுக்கப்படுவது. இன்க்ஜெட்டுக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 24711, கறுப்பு லேசருக்கு 19752 என்று தரநிலைகள் உண்டு. அந்த லேசர் சோதனைத் தாளில் பக்கத்தின் பரப்பில் ஏறக்குறைய 5% மட்டுமே கறுப்பாகும். அம்மாவின் தாளில் முக்கோணம், வட்டம், கட்டம் போட்ட வரைபடம், தடித்த தமிழ் எழுத்து எல்லாம் நெருக்கமாக இருக்கும். மை கூடுதலாகத்தான் போகும்.

மே மாதம் டியூஷன் கிடையாது. பிரிண்டரை யாரும் தொடவில்லை. ஜூன் இரண்டாம் வாரம் போட்டபோது கறுப்பு எழுத்து நடுநடுவே அறுந்து வந்தது. மை வரும் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் தாளில் பாதிக் கோடுகளைக் காணோம். அந்தத் துளைகளைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை மெனுவில் நான்கு முறை ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் அது மையை உறிஞ்சிக் கழிவுப் பஞ்சில் துப்புகிறது என்பது அப்போது உறைக்கவில்லை. நான்காவது முறை முடிந்தபோது இருந்த கறுப்பு மையும் காலி. கார்ட்ரிட்ஜைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த டிஷ்யூ பேப்பரின் மேல் செம்புப் பக்கம் படாமல் வாயை மட்டும் ஒற்றி எடுத்தேன். கலர் உயிர் பெற்றது, கறுப்பு வரவில்லை. புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டால் ஓடும், ஆனால் அடுத்த மே மாதமும் இதே கதைதான். பரணில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த தடவை கடைக்குப் போகுமுன் அம்மாவின் வரவு செலவு நோட்டை வாங்கிப் புரட்டினேன். முதல் பிரிண்டர் வருவதற்கு முன் ஜெராக்ஸ் கடையில் கொடுத்ததெல்லாம் தேதி வாரியாக இருந்தது. பிப்ரவரியில் 1,080 ரூபாய். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வை ஒட்டி 750. மே மாதத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை, ஒரு கோடு மட்டும். முழு விஷயமும் அந்தக் கோட்டில்தான் இருந்தது. வருடத்துக்கு எத்தனை பக்கம் என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பக்கங்கள் வருடத்தில் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் தேர்வுக் காலத்தில் அடைமழை, கோடையில் இரண்டு மாதம் வறட்சி. அதைத் தாங்குகிற இயந்திரம் வேண்டும்.

பாட்டில் மையை ஊற்றி ஓட்டும் இன்க் டேங்க் பிரிண்டர் வாங்கத்தான் பாதிப் பேர் சொன்னார்கள். அண்ணா நகரில் அத்தை வீட்டில் ஒன்று இருக்கிறது. அருமையாக ஓடுகிறது, மறுக்கவில்லை. ஒரு கறுப்பு பாட்டிலில் சில ஆயிரம் பக்கம் வருகிறது, மைச் செலவு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து காசுக்குள்தான். வாரம் இரண்டு பக்கமாவது கலரில் போடுகிற வீட்டுக்கு அதுதான் சரி என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அதுவும் திரவ மைதான். அத்தை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு தாள் போட்டுவிடுகிறார். எங்கள் அம்மா கோடையில் ஒன்றரை மாதம் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். யார் போடுவது?

லேசரில் இருப்பது தூள். காய்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு வேண்டியது கறுப்பு மட்டும். பிள்ளைகளின் கலர் பிராஜெக்டுக்குக் கடைக்குப் போய்க்கொள்ளலாம், பக்கத்துக்குப் பத்து ரூபாய். சரி, கறுப்பு வெள்ளை லேசர் என்று முடிவு செய்தேன்.

ஒரு சனிக்கிழமை, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். புதுப் பிரிண்டர் விற்கும் கடைக்கு முன், டோனர் என்கிற அந்தத் தூளைக் கார்ட்ரிட்ஜில் நிரப்பும் கடைக்குத்தான் முதலில் போனேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். விற்கிறவர் விற்பதைத்தான் சொல்வார். நிரப்புகிறவருக்கு எது திரும்பத் திரும்பத் தன் மேஜைக்கு வருகிறது என்று தெரியும். அங்கே இருந்தவரிடம் நான் பார்த்து வைத்திருந்த மூன்று மாடல்களின் பெயரைச் சொன்னேன்.

"முதல் ரெண்டுலயும் கார்ட்ரிட்ஜ்ல சிப் இருக்கு சார். ரீஃபில் பண்ணா சிப்பும் மாத்தணும். மூணாவது பிரச்சினை இல்ல, தூள் போட்டா ஓடும்" என்றார்.

சிப் என்பது பக்கத்தை எண்ணிக்கொண்டே வந்து, கணக்கு முடிந்ததும் டோனர் தீர்ந்துவிட்டது என்று பிரிண்டரிடம் சொல்லிவிடும் சின்னத் தகடு. அதை மாற்ற ஒவ்வொரு முறையும் தனிச் செலவு. மூன்றாவது மாடலையே 11,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஸ்கேனர் கிடையாது. வைஃபை உண்டு.

அதே மாடலில் தாளைத் தானே திருப்பி இரண்டு பக்கமும் போடும் வகை 15,000. அந்த 3,200 ரூபாய் வித்தியாசத்தைக் கடையிலேயே நின்று கணக்குப் போட்டேன். வருடம் 2,000 பக்கத்தையும் இரண்டு பக்கமாகப் போட்டால் 1,000 தாள் மிச்சம். 500 தாள் கட்டு 290 ரூபாய், ஆக 580 ரூபாய். வித்தியாசத்தை எடுக்க ஐந்தரை வருடம் ஆகும், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கணக்கில் தப்பில்லை. ஆனால் கணக்கில் அம்மாவின் கையும் கண்ணும் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து இடம். ரூட்டர் மாடியில் இருக்கிறது. ஃபைபர் வயர் தெருக் கம்பத்திலிருந்து மொட்டை மாடி வழியாக வருவதால் அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். பிரிண்டர் கீழே வேண்டும். ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை அனுப்புகிறது. போனில் சிக்னல் அளக்கும் ஒரு ஆப்பைப் போட்டு, கையில் பிடித்துக்கொண்டு கீழ்த்தளம் முழுக்க நடந்தேன். படுக்கையறை அலமாரி ஓரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 77 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு). ஹாலில் மாடிப்படிக்குக் கீழே உள்ள ஸ்டூலில் மைனஸ் 61. பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது, மைனஸ் 70க்குக் கீழே போனால் நம்பக்கூடாது. படிக்கட்டுத் திறப்பு வழியாக அலை இறங்கி வருகிறது, தளத்தைத் துளைக்க வேண்டியதில்லை. அதே ஸ்டூலில் 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 80. அது சுவரில் அடிபட்டுப் போகும், தூரமும் போகாது. நல்லவேளையாக, குறைந்த விலைப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே பேசும். வேகம் தேவையில்லை, நான்கு பக்க வினாத்தாள் எத்தனை எம்பி இருந்துவிடப் போகிறது?

பெட்டியைப் பிரித்து, ஆரஞ்சு டேப்புகளையெல்லாம் உரித்து, டோனரைக் கிடையாகப் பிடித்து ஐந்தாறு முறை ஆட்டி உள்ளே தள்ளினேன். அதுவரை பத்து நிமிடம். வைஃபையில் சேர்க்க மூன்று மணி நேரம் போனது.

இந்தப் பிரிண்டரில் திரை கிடையாது, இரண்டு பட்டனும் மூன்று விளக்கும்தான். பாஸ்வேர்ட் இல்லாமல் பட்டனை அழுத்தியே இணைக்கும் டபிள்யூபிஎஸ் முறைதான் சுலபம் என்று ரூட்டரில் அந்தப் பட்டனை அழுத்திவிட்டு ஓடிவந்து பிரிண்டரில் அழுத்தினேன். இரண்டு நிமிடத்துக்குள் இரண்டையும் அழுத்த வேண்டும். மூன்று முறை மாடி ஏறி இறங்கினேன், விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. ரூட்டரின் செட்டிங்ஸில் டபிள்யூபிஎஸ் அணைத்து வைக்கப்பட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அதைத் திறந்துவிடுவது பாதுகாப்புக்கு நல்லதில்லை என்பதால் அப்படியே விட்டுவிட்டு ஆப் வழிக்குப் போனேன்.

ஆப் வழியில் பிரிண்டர் தானே ஒரு தற்காலிக வைஃபையைக் கிளப்பும். போன் அதில் சேர்ந்து, வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அதற்குச் சொல்லித்தரும். பாதியில் பாதியில் அறுந்தது. காரணம் போன்தான். அந்தத் தற்காலிக வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. டேட்டாவை அணைத்தேன், அறுவது நின்றது. அடுத்த தடை, வீட்டு வைஃபையின் பெயரே பிரிண்டரின் பட்டியலில் வரவில்லை. எங்கள் ரூட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் வைத்திருந்தது, பாதுகாப்பு முறை புதிய டபிள்யூபிஏ3. 2.4க்குத் தனிப் பெயர் கொடுத்து, அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2க்கு மாற்றினேன். பெயர் வந்தது. பாஸ்வேர்டைப் போட்டதும் நீல விளக்கு ஆடாமல் நின்றது.

முதல் தாளை அம்மாவே எடுத்தார். சூடாக இருந்தது. பின்னத்தின் நடுக்கோடு, வர்க்கமூலக் குறியின் மேல்கோடு எல்லாம் மயிரிழை சுத்தமாக விழுந்திருந்ததை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். கடையில் எடுத்தால் ஜெராக்ஸின் ஜெராக்ஸாகி அந்தக் கோடுகள்தான் முதலில் மறையும்.

மறுநாள் காலை, "ஏம்ப்பா, ஆஃப்லைன்னு வருதே" என்றார்.

இரவு கரண்ட் போய் வந்திருந்தது. ரூட்டர் எழுந்தபோது முன்பு 192.168.1.7 என்றிருந்த பிரிண்டருக்கு 192.168.1.12 என்று புது முகவரி கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் பழைய கதவையே தட்டிக்கொண்டிருந்தது. ஆஃப்லைன் என்று புலம்பும் வீடுகளில் நிறைய இடத்தில் கோளாறு இதுதான், பிரிண்டரில் ஒன்றும் இருக்காது. நிலைத்தாளில் அச்சாகியிருந்த மேக் முகவரியை (கருவியின் மாறாத அடையாள எண்) பார்த்து, ரூட்டரில் ஒரு கருவிக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வைக்கும் டிஎச்சிபி ரிசர்வேஷன் பகுதியில் அந்த மேக்குக்கு 192.168.1.50 என்று நிரந்தரமாக எழுதி வைத்தேன். விண்டோஸில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு, டிசிபி/ஐபி முகவரி வழியாக 50ஐ நேராகக் கொடுத்து மறுபடி சேர்த்தேன். ஒரு வருடத்தில் எத்தனையோ தடவை கரண்ட் போய் வந்தது, ஆஃப்லைன் மட்டும் திரும்ப வரவில்லை.

அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில், பல கம்பெனிப் பிரிண்டர்களுக்கும் பொதுவான மோப்ரியா பிரிண்ட் சர்வீஸ் போட்டேன். மோப்ரியா பல பிரிண்டர் நிறுவனங்கள் 2013ல் சேர்ந்து தொடங்கிய கூட்டமைப்பு. அதன் சான்று உள்ள பிரிண்டருக்குக் கம்பெனியின் தனி ஆப் தேவையில்லை. ஐபோனில் அதே வேலையை ஏர்பிரிண்ட் செய்கிறது. வாங்கும்போது பெட்டியில் இந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி ஆப் நாளைக்கு மாறலாம், மறையலாம். இன்டர்நெட் வழியாகப் பிரிண்ட் கொடுக்க உதவிய கூகுள் கிளவுட் பிரிண்டையே 2020 டிசம்பர் 31ல் மூடிவிட்டார்கள். அம்மாவின் போனில் பிரிண்டர் முதலில் தெரியவே இல்லை. பார்த்தால், போன் விருந்தினர் வைஃபையில் இருந்தது. அந்த நெட்வொர்க்கில் இருப்பவை வீட்டுக்குள் இருக்கும் மற்றக் கருவிகளைப் பார்க்க முடியாதபடி ரூட்டரே தடுத்துவிடும். மாற்றினேன், தெரிந்தது.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. அம்மாவின் பழைய சக ஆசிரியர்கள் அனுப்பும் வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பிரிண்டரும் அப்படியே போடும். அந்த எழுத்துரு உள்ள கம்ப்யூட்டரில் திறந்து பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எழுத்துரு உள்ளேயே போய்விடும், எங்கிருந்து போட்டாலும் சரியாக வரும். இப்போது அம்மா எல்லோரிடமும் பிடிஎஃப் மட்டும் கேட்டு வாங்குகிறார்.

நவம்பரில் இரண்டு தொல்லை. கரண்ட் இல்லாத ஒரு மாலையில் பிரிண்ட் கொடுத்ததும் இன்வெர்ட்டர் கூவி அடங்கி வீடே இருண்டது. லேசரில் தூளை உருக்கித் தாளில் ஒட்டும் ஃப்யூசர் உருளை 200 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக வேண்டும். சூடாகும் அந்தக் கொஞ்ச நேரத்தில் இஸ்திரிப் பெட்டி போல இழுக்கிறது. எலக்ட்ரீஷியனை வைத்து, ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டர் லைனில் சேராத தனி பிளக் பாயின்ட் போட்டேன், 450 ரூபாய். இன்னொன்று, மழைக்கால ஈரத்தில் தாள் சுருண்டு சிக்கியது. இப்போது ட்ரேயில் 50 தாளுக்கு மேல் வைப்பதில்லை, மீதிக் கட்டைப் பிளாஸ்டிக் உறையோடு டப்பாவில் மூடிவிடுகிறோம்.

ஜனவரி தொடக்கத்தில், 640ஆவது பக்கம் வாக்கில் நடுவில் வெளிறியது. புதுப் பிரிண்டரோடு வரும் டோனரில் தூளைக் குறைவாகத்தான் போட்டுத் தருவார்கள், இது தெரிந்தே வாங்க வேண்டும். கழற்றி ஆட்டிப் போட்டதில் இன்னும் சில பக்கம் வந்தது. பிறகு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துப் போனேன். அதே மனிதர் பழைய செய்தித்தாளை விரித்து, பக்கவாட்டில் இரண்டு ஸ்குருவைக் கழற்றி, பச்சை உருளையை வெளிச்சம் படாமல் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார். கழிவு அறையில் சேர்ந்திருந்த தூளைத் தட்டிக் கொட்டினார். புனலை வைத்து 100 கிராம் தூளைக் குப்பியோடு தட்டித் தட்டி இறக்கினார். பிரஷ்ஷால் ஓரங்களைத் துடைத்து மூடினார். பதினைந்து நிமிடம், 350 ரூபாய். என் சட்டைக் கையில் பட்ட தூளைத் தேய்க்கப் போனேன். "தேய்க்காதீங்க சார், உதறிட்டுப் பச்சத்தண்ணில அலசுங்க. வெந்நீர் பட்டா உருகி ஒட்டிக்கும்" என்றார். அப்படிச் செய்ததும் கறை போய்விட்டது. அந்த நிரப்பலில் 950 பக்கம் வந்தது. ஏப்ரலில் இரண்டாவது நிரப்பல், இன்னும் ஓடுகிறது. மே மாதத்தில் மொத்தமே மூன்று பக்கம்தான் போட்டோம். ஜூனில் முதல் தாளே பளிச்சென்று வந்தது.

ஒரு வருடக் கணக்கு: டோனர் 700, பேப்பர் மூன்று கட்டு 870. ஆக 1,570 ரூபாய், பக்கத்துக்கு ஏறக்குறைய 80 காசு. மின்சாரத்தை நான் அளக்கவில்லை. கடையில் எடுத்திருந்தால் 5,799. பிளக் பாயின்ட்டையும் சேர்த்தால் போட்ட பணம் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிடும். கலருக்கு வருடம் முழுக்கக் கடையில் 140 ரூபாய் கொடுத்திருக்கிறோம், 14 பக்கம்.

இனி அந்த 3,200 ரூபாய். கையால் திருப்பிப் போடும் முறையில் முதலில் ஒற்றைப்படைப் பக்கங்கள் வரும். கட்டை எடுத்துத் திருப்பி ட்ரேயில் வைத்தால் இரட்டைப்படை வரும். எப்படித் திருப்ப வேண்டும் என்பதில்தான் விஷயம். பிப்ரவரியில் ஒரு இரவு 18 பிரதி, நான்கு பக்கத் தாள். அம்மா கட்டைத் தலைகீழாக வைத்துவிட்டார். பின்பக்கம் முழுக்கத் தலைகீழாக அச்சாகி, 36 தாளும் வீண். மணி பத்தரை. மறுபடி எல்லாவற்றையும் போட்டு, ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்துவிட்டுத்தான் படுத்தார். அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே போடுகிறார். அதனால்தான் 1,933 பக்கத்துக்கு மூன்று கட்டுப் பேப்பர் ஆகியிருக்கிறது. அடுத்த முறை தானே திருப்பும் வகையைத்தான் வாங்குவேன், ஐந்தரை வருடக் கணக்கைப் பார்க்கமாட்டேன்.

இப்போதைக்கு, ட்ரேயின் ஓரத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். தாளின் தலைப்பகுதி அம்பைப் பார்க்க வேண்டும், அச்சான பக்கம் கீழே. அதன் பக்கத்தில் அம்மா தன் கையெழுத்தில் சின்னதாக "தலை இங்கே" என்று எழுதி வைத்திருக்கிறார். காலாண்டுத் தேர்வுக்கான முதல் மாதிரித்தாள் இன்று காலை அந்த அம்பை நம்பித்தான் போனது. 36 தாள், 72 பக்கம், ஒன்றும் வீணாகவில்லை.